கைப்படக்காரர் ஆயில் மாற்றுகிறார்

கைப்படக்காரர் என்று ஓர் இனம் இருக்கிறது. விலங்கியல் புத்தகங்களில் தேட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் தெருவில் ஒரு நடை போய் வந்தால் போதும். ஏதாவது ஒரு வீட்டில் கார் ஷெட்டின் கதவு பாதி திறந்திருக்கும். உள்ளே ஒரு பழைய கார் நிற்கும். அதன் அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பயந்துவிடாதீர்கள், விபத்து ஒன்றுமில்லை. அந்தக் கால்களுக்குச் சொந்தக்காரர் பரம சந்தோஷத்தில் இருக்கிறார். "எதையும் கைப்படச் செஞ்சாத்தான் எனக்குத் திருப்தி" என்று அவர் வாய்க்கு வாய் சொல்வதால் இந்தப் பெயர். நான்தான் வைத்தேன். அவருக்கு இன்னும் தெரியாது.

இந்த இனத்தின் சகல லட்சணங்களும் பொருந்திய ஆள் ஒருவர் என் பக்கத்து வீட்டிலேயே இருக்கிறார். ஒரு பெரிய கம்பெனியில் ஆள் எடுக்கிற அதிகாரி. வாரத்தில் ஐந்து நாள் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து, எதிரில் வந்து உட்காருகிறவர்களிடம் உங்களுக்கு வேலை தெரியுமா என்று கேட்பது அவருடைய உத்தியோகம். மீதி இரண்டு நாள் காருக்கு அடியில்.

கார் என்றால் உங்களுடையதைப்போல, என்னுடையதைப்போல ஏதோ ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. அது ஸ்போர்ட்ஸ் கார். பழசு. சிவப்பு. இரண்டே இருக்கை. மேலே கூரை கிடையாது. மழை வந்தால் இழுத்து மூடிக்கொள்ள ஒரு கித்தான் உண்டு. தரையோடு தரையாகக் கிடக்கும் அந்த வண்டியில் ஏற வேண்டுமானால் முதலில் ஒரு காலை உள்ளே விட்டு, பிறகு இடுப்பை இறக்கி, அதன்பின் தலையைக் குனிந்து, கடைசியாக வெளியே தங்கிவிட்ட இன்னொரு காலைக் கையால் தூக்கி உள்ளே போட்டுக்கொள்ள வேண்டும். இறங்குவதற்கு அக்கம்பக்கத்தார் தேவை.

இதை அவர் ஓட்டுவதே இல்லை என்று சொன்னால் அபாண்டமாகிவிடும். ஓட்டுவார். ஆனால் மழை பெய்யக் கூடாது. மழை வரும்போலவும் இருக்கக் கூடாது. வெயில் ஏறினால் பெயின்ட் மங்கிப்போகும், ஏறாவிட்டால் எஞ்சினுக்கு ஜலதோஷம். வேலை நாள் என்றால் ரோட்டில் நெரிசல், விடுமுறை நாள் என்றால் ரோடெல்லாம் கற்றுக்குட்டிகள். பக்கத்துத் தெருவில் எங்கோ வீடு இடிக்கிறார்கள், தூசி. இத்தனையையும் தாண்டி எல்லாம் கூடிவந்த ஒரு நல்ல நாள் வாய்த்துவிட்டது என்று வையுங்கள். அன்றைக்குப் பார்த்து ஆயில் மாற்ற வேண்டியிருக்கும்.

ஆயில் மாற்றுவதில் மட்டும் அவர் கெட்டிக்காரர் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கெட்டிக்காரர் என்றால், அடிக்கடி மாற்றுவார். பழைய ஆயிலைத் தட்டில் இறக்கி, அதில் ஒரு விரலை நனைத்து, என் மூக்குக்கு நேராக நீட்டி, "பார்த்தீங்களா சார், எப்படிக் கருத்துப்போச்சு?" என்பார். நானும் பார்ப்பேன். தேன் நிறத்தில் பளபளவென்று இருக்கும். என் காரில் நான் புதிதாக ஊற்றுகிற ஆயிலே அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை. "ஐயையோ, கன்னங்கரேல்னு இருக்கே" என்பேன். வேறு என்ன சொல்வது? பக்கத்து வீடு அல்லவா?

கைப்படக்காரருக்கு உதவிக்கு ஆள் தேவையில்லை. பார்க்கத்தான் ஆள் தேவை. யாருமே பார்க்காமல் ஒரு போல்ட்டைக் கழற்றினால் அது கழன்ற மாதிரியே அவருக்கு இருக்காது. ஆகவே மதில்மேல் தலையை நீட்டி, "சார், சும்மா இருக்கீங்களா? சும்மா வந்து நில்லுங்களேன்" என்று கூப்பிடுவார். போனால் கையில் ஒரு டார்ச்சைக் கொடுத்துவிடுவார். பிடித்தால் "கொஞ்சம் இடது பக்கம்" என்பார். இடது பக்கம் திருப்பினால் "உங்களுக்கு இடது இல்ல சார், வண்டிக்கு இடது" என்பார். என் வீட்டுக்காரி முதலில் இதற்கெல்லாம் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். இப்போது ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் "போய் விளக்குப் பிடிச்சுட்டு வாங்க, வீடு பெருக்கணும்" என்று அவளே அனுப்பிவைக்கிறாள்.

அவருக்கென்று சில வேத வாக்கியங்கள் உண்டு. ஒன்று, "அரை மணி நேர வேலை." இந்த அரை மணி நேரத்தைக் கடிகாரத்தில் தேடினால் கிடைக்காது, காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம் முடிகிற அரை மணி நேரம் அது. இன்னொன்று, "ஒர்க்‌ஷாப்ல விட்டா அவன் என்ன பண்றான்னு யாருக்குத் தெரியும்?" அவர் என்ன பண்ணுகிறார் என்பது தெருவுக்கே தெரியும் என்பதால் இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்வதில்லை. மூன்றாவது, "குழுவுல கேட்டிருக்கேன்." கைபேசியில் ஒரு குழு. அதே காரை வைத்துக்கொண்டிருக்கிற அதே இனத்தவர் உலகம் முழுவதிலுமிருந்து அதில் கூடி, எந்த ஆயில் கெட்டி, எந்த ஆயில் நீர்த்தது என்று இராப்பகலாக வாக்குவாதம் செய்கிறார்கள். அந்தக் குழுவில் காரை யாராவது எங்காவது ஓட்டிக்கொண்டு போனதாக ஒரு செய்தி வந்து நான் பார்த்ததில்லை.

இப்போது அவருடைய மனைவியைச் சொல்ல வேண்டும். பல் டாக்டர். தெருவில் பாதிப் பேர் அவரிடம் வாயைத் திறந்தவர்கள். நானும்தான். சாந்தமான முகம், கெட்டியான கை. நாம் வலிக்குமா என்று கேட்க நினைத்துக்கொண்டிருக்கும்போதே பல் தட்டில் கிடக்கும். அந்தக் கார் இருவர் பெயரிலும் இருக்கிறது. சாவி மட்டும் ஒருவர் பையில் இருக்கிறது.

டாக்டரம்மாவுக்கு லைசென்ஸ் உண்டு. சொந்த உபயோகத்துக்கு ஒரு சாதாரணக் கார் உண்டு. தினமும் கிளினிக்குக்கு ஓட்டிப்போய் ஓட்டி வருகிறார். சிவப்புக் காரைப்பற்றிப் புருஷனிடம் பாடமும் கேட்டிருக்கிறார். பானெட்டைத் திறந்து, அளவுக்குச்சியை உருவிக் காட்டி, மேல் கோடு எது, கீழ்க் கோடு எது, எதற்குக் கீழே போனால் ஆபத்து என்று அவர் ஒரு குறையும் இல்லாமல் சொல்லிக்கொடுத்திருக்கிறார். ஸ்டீரிங்கை மட்டும் தொடவிட்டதில்லை. கேட்டால் மாட்டேன் என்று சொல்ல மாட்டார். கைப்படக்காரர்கள் மாட்டேன் என்று சொல்வதே இல்லை. "தாராளமா எடுத்துக்கோ. ஆயில் மட்டும் மாத்திக் குடுத்துடறேன்" என்பார். மாற்றுவார். அதற்குள் மேகம் வந்துவிடும்.

நான் சொல்லப்போகிற ஞாயிற்றுக்கிழமை வேறு மாதிரியானது. டாக்டரம்மாவுக்கு ஒரு தோழி. படிக்கிற காலத்தில் இருவரும் ஒரே அறையில் தங்கி, ஒரே மண்டையோட்டை மாற்றி மாற்றி மடியில் வைத்துக்கொண்டு பல்லும் தாடையும் மனப்பாடம் செய்தவர்கள். பரீட்சைக்கு முந்தின நாள் இருவருக்கும் அழுகை வந்துவிட்டபோது, டாக்டரம்மா தோழியைத் தேற்றுவதற்காக, நான் சம்பாதித்ததும் கூரையில்லாத ஒரு கார் வாங்கி, உன்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கடலோர ரோட்டில் ஓட்டுகிறேன், பார் என்று சொல்லியிருக்கிறார். அந்தத் தோழி பிறகு எங்கோ தூரதேசம் போய்விட்டார். கார் வாங்கியதும் டாக்டரம்மா படம் அனுப்பினார். ஓட்டிப் பார்த்தாயா என்று தோழி கேட்டார். இன்னும் இல்லை என்று பதில் போயிற்று. அதற்கப்புறம் ஒவ்வொரு முறையும் தோழி அதையே கேட்க, ஒவ்வொரு முறையும் அதே பதில் போய்க்கொண்டிருந்தது.

இப்போது அந்தத் தோழி ஒரே ஒரு நாளைக்கு ஊருக்கு வந்திருந்தார். அன்றிரவே விமானம். சாயங்காலம் நாலு மணிக்கு அவர் தங்கியிருக்கிற ஹோட்டல் வாசலில் நிற்பார். டாக்டரம்மா சிவப்புக் காரை ஓட்டிக்கொண்டு போய் ஏற்றிக்கொள்ள வேண்டும். இது ஒரு வாரம் முன்பே வீட்டில் சொல்லி, கேட்டு, சம்மதம் வாங்கி முடிவான விஷயம். இத்தனையையும் மதில் பக்கம் நின்று என் வீட்டுக்காரியிடம் சொன்ன டாக்டரம்மா, கடைசியில், "இந்தத் தடவை விட்டா இனிமே எப்ப வருவாளோ தெரியாதுங்க" என்றும் சொல்லியிருக்கிறார். வானத்தில் மருந்துக்குக்கூட மேகம் இல்லை.

பதினோரு மணிக்கு மதில்மேல் தலை தெரிந்தது. "சார், சும்மா இருக்கீங்களா?"

எனக்குத் திக்கென்றது. இன்றைக்குமா என்று கேட்டேன். "பழைய ஆயில்ல அவளை அனுப்ப மனசு வரல சார். அரை மணி நேர வேலை" என்றார்.

சடங்கு தொடங்கியது. முதலில் உடை: கழுத்திலிருந்து கணுக்கால்வரை ஒரே துண்டாக, பந்தயக்காரர்கள் போடுகிற மாதிரி. பிறகு தரையில் ஒரு துணி விரித்து, அதன்மேல் பெரியதிலிருந்து சிறியதுவரை ஸ்பானர்களை வரிசையாக அடுக்கினார். தேவைப்படுவது ஒன்றுதான், மற்றவை வேடிக்கை பார்க்க. பிறகு எஞ்சினை ஓடவிட்டு, ஆயில் சூடாகி இளகட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு அதன் சத்தத்தைக் கேட்டார். பிறகு ஜாக்கி. பிறகு ஸ்டாண்டு. பிறகு ஸ்டாண்டு சரியாக நிற்கிறதா என்று வண்டியைத் தள்ளிப் பார்த்தல். பிறகு அதைப் படம் எடுத்துக் குழுவுக்கு அனுப்புதல். பிறகு குழுவில் ஒருவர் ஸ்டாண்டு வைத்த இடம் தப்பு என்று எழுத, அவருக்குப் பதில் எழுதுதல். மணி ஒன்று. இன்னும் ஒரு சொட்டு ஆயில்கூட வெளியே வரவில்லை.

டாக்டரம்மா வாசலில் வந்து எட்டிப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமலே "ஆச்சு, ஆச்சு" என்று காருக்கு அடியிலிருந்து பதில் வந்தது.

ஒருவழியாக ஆயில் இறங்கியது, விரல் நனைந்தது, நான் "கன்னங்கரேல்" சொன்னேன். அடுத்தது ஃபில்டர். ஆயிலை வடிகட்டுகிற அந்தச் சின்ன டப்பா எஞ்சினின் பக்கவாட்டில் மரை போட்டு மாட்டியிருக்கும். பழசைத் திருகிக் கழற்ற வேண்டும், புதுசைத் திருகி மாட்ட வேண்டும், அவ்வளவுதான். அவர் பழசைக் கழற்றிக்கொண்டே என் பக்கம் திரும்பினார். அவர் பேச ஆரம்பித்ததால் மரியாதைக்கு நானும் டார்ச்சை அவர் முகத்துக்குத் திருப்பினேன்.

"சார், இங்கதான் எல்லாரும் கோட்டை விடறாங்க. இந்த ஃபில்டர் வாயில ஒரு ரப்பர் வளையம் இருக்கும். பழசைக் கழட்டும்போது சில சமயம் வளையம் மட்டும் எஞ்சின்லயே ஒட்டிக்கிட்டு நின்னுடும். அதைப் பார்க்காம புதுசை மாட்டினா என்ன ஆகும்? வளையத்து மேல வளையம். ஸ்டார்ட் பண்ணின உடனே ஆயில் பீச்சி அடிக்கும். ஒர்க்‌ஷாப்ல இதையெல்லாம் நின்னு பார்ப்பான்னா நினைக்கிறீங்க?"

பார்க்க மாட்டான் என்று நான் சொன்னேன். அவர் பழைய ஃபில்டரைப் பார்க்காமலே பின்னால் வைத்தார். புதுசின் வளையத்தில் ஒரு விரல் ஆயிலைப் பதமாகத் தடவினார். கண்ணை மூடிக்கொண்டு, "கையே சொல்லும் சார்" என்றபடி திருகி மாட்டினார். கை என்ன சொல்லிற்றோ எனக்குத் தெரியாது. புது ஆயிலை ஊற்றிவிட்டு, சாவியைத் திருகினார்.

எஞ்சின் உறுமிற்று. அவர் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். முகத்தில் அப்படி ஒரு பரவசம். வண்டியின் அடியிலிருந்து பளபளவென்று ஏதோ ஒன்று என் செருப்பை நோக்கி வந்துகொண்டிருந்தது.

"சார்," என்றேன்.

"பேசாதீங்க சார். கேளுங்க."

கேட்டேன். அது என் செருப்புக்கு வந்து சேர்ந்தது. "சார், ஆயில்."

கண்ணைத் திறந்தார். எஞ்சினை அணைத்தார்.

உங்களுக்கும் எனக்கும் இந்த இடத்தில் உடனே ஒரு விஷயம் தோன்றும், இல்லையா? ஐந்து நிமிஷம் முன்புதான் அவரே வாயால் சொன்னார். ஆனால் நாம் கைப்படக்காரர்கள் இல்லை. தன் கை தப்புச் செய்திருக்கும் என்ற ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அவர் யோசித்தார். ஃபில்டர் செய்த கம்பெனி ஏமாற்றியிருக்கலாம். ஆயில் பம்ப் பழுதாகியிருக்கலாம். கடைசியில், உள்ளதிலேயே பெரிய விபரீதம் எதுவோ அதில் போய் அவர் மனம் நிலைகொண்டது: எஞ்சினிலேயே விரிசல் விட்டிருக்கிறது. தன்னுடைய சின்னத் தப்பைவிட வண்டியின் பெரிய அழிவு அவருக்குத் தாங்கிக்கொள்ளக்கூடியதாக இருந்தது.

டாக்டரம்மா வந்து நின்றார். கிளம்பத் தயாராக இருந்தார். தலைமுடி பறக்காமலிருக்க ஒரு சிவப்புத் துணி கட்டியிருந்தார். காரின் நிறத்துக்குப் பொருத்தமாகத் தேடி வாங்கியது என்று பார்த்தாலே தெரிந்தது. மணி இரண்டரை தாண்டியிருந்தது.

"இன்னைக்கு வண்டி எடுக்க முடியாதும்மா," என்றார் கைப்படக்காரர், சாவு வீட்டுக் குரலில். "எஞ்சினை இறக்கணும். ரெண்டு மாசமாவது ஆகும். நீ உன் கார்லயே போயிட்டு வா."

டாக்டரம்மா தரையில் கிடந்த ஆயிலைப் பார்த்தார். கட்டியிருந்த துணியை மெதுவாக அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். அவருடைய புருஷன் முகத்தையும் பார்த்தேன். சோகம் நிஜமாகவே இருந்தது, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சோகத்துக்கு அடியில் துளி நிம்மதியும் இருந்ததைப் பார்த்தபோது எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. டார்ச்சைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன்.

டாக்டரம்மா உள்ளே போனார். அழப்போகிறார் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது கிளினிக் கோட்டைப் போட்டுக்கொண்டு, நெற்றியில் விளக்கு மாட்டிக்கொண்டு, கையில் கருவிப் பையோடு வந்தார். நான் டார்ச்சை நீட்டினேன். "அது வேணாம் சார், நீங்க கொஞ்சம் தள்ளி நின்னா போதும்" என்றார். நாளிதழை விரித்து, சட்டென்று படுத்து, காருக்கு அடியில் நகர்ந்து போனார். நம் வாய்க்குள் விட்டுப் பின்பல்லைப் பார்ப்பார்களே, அந்தச் சின்ன வட்டக் கண்ணாடி, அதை ஃபில்டருக்குப் பின்னால் விட்டுத் திருப்பினார்.

"என்னங்க, இங்க ரெண்டு வளையம் தெரியுது."

கைப்படக்காரர் குனிந்து காருக்கு அடியில் பார்த்தார்.

"ஒண்ணு புதுசு. இன்னொண்ணு பழசு, காய்ஞ்சு ஒட்டியிருக்கு."

அப்படி இருக்க வாய்ப்பே இல்லை என்று கைப்படக்காரர் ஆரம்பித்தார். அந்த மாதிரி எஞ்சினில் அந்த இடத்தில் என்னென்ன இருக்கும், எது பார்ப்பதற்கு வளையம்போலத் தெரியும் என்று அவர் விளக்கிக்கொண்டிருக்கும்போதே, அடியிலிருந்து பழக்கதோஷத்தில் ஒரு குரல், "கொஞ்சம் பேசாம இருங்க, இதோ முடிஞ்சிடும்" என்றது. ஃபில்டர் கழன்றது. வளைந்த ஊசி ஒன்று உள்ளே போயிற்று. டாக்டரம்மா வெளியே வந்து, பிடுங்கின பல்லை நம்மிடம் கொடுக்கிற மாதிரி, காய்ந்து சுருங்கின அந்த ரப்பர் வளையத்தைப் புருஷனின் உள்ளங்கையில் வைத்தார்.

அதை அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "விளக்கு சரியா விழல சார்," என்றார்.

இருக்கட்டும். பழி ஒரு பக்கம் போனால்தானே வேலை நடக்கும்? ஃபில்டரை மறுபடி மாட்டினார், இந்த முறை கண்ணைத் திறந்துகொண்டு. டப்பாவில் மீதியிருந்த கொஞ்சம் ஆயிலையும் ஊற்றினார். தரையில் சிந்தியிருந்ததைத் துடைத்து, வண்டியைக் கீழே இறக்கி, ஓடவிட்டுப் பார்த்தோம். ஒரு சொட்டு இல்லை. எஞ்சினை அணைத்து, ஆயில் அடங்கட்டும் என்று காத்திருந்து, அவர் அளவுக்குச்சியை உருவினார். டாக்டரம்மா மறுபடியும் தலையில் துணியைக் கட்டிக்கொண்டார். மணி மூன்றரை. ஹோட்டல் பத்து நிமிஷ தூரம்.

"மேல் கோட்டைத் தொடல," என்றார் கைப்படக்காரர்.

எவ்வளவு குறை என்று டாக்டரம்மா கேட்டார். குறைதான் என்று பதில் வந்தது. தன் காரில் ஒரு பாட்டில் ஆயில் இருக்கிறது, கொஞ்சம் ஊற்றிக்கொள்ளலாமே என்றார் டாக்டரம்மா. கைப்படக்காரர் அதிர்ந்துபோனார். "அந்த ஆயிலா? இதுலயா? வேற குரூப் ரத்தத்தை ஏத்தச் சொல்ற மாதிரி இருக்கு, டாக்டர் பேசற பேச்சா இது?" இந்த வண்டிக்கென்று ஒரு ஆயில், அது ஊரின் மறுகோடியில் ஒரே ஒரு கடையில்தான் கிடைக்கும், கடைக்காரர் தெரிந்தவர், போன் பண்ணினால் ஞாயிற்றுக்கிழமையானாலும் வந்து திறப்பார். மனைவியுடைய காரின் சாவியை எடுத்துக்கொண்டார். "அரை மணி நேரத்துல வந்துடறேன். அதுவரைக்கும் வண்டியைத் தொடாதே" என்று சொல்லிவிட்டு, அந்தப் பந்தய உடையோடு, சாதாரணக் காரில் கிளம்பிப் போய்விட்டார்.

டாக்டரம்மாவும் நானும் ஷெட்டில் நின்றோம். விளக்கை அணைத்தேன்.

"நான் தினமும் எத்தனை பேர் வாயில ஊசியோட கையை விடறேன் சார்," என்றார் அவர், என்னைப் பார்க்காமல். "ஒருத்தர்கூட நம்ப மாட்டேன்னு எழுந்து ஓடினதில்ல. இவர் மட்டும் ஒரு ஸ்டீரிங்கைத் தொட விட மாட்டேங்கறார்."

பிறகு அளவுக்குச்சியை உருவி, துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, வெளிச்சத்தில் பிடித்தார். எனக்கும் காட்டினார். மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவே, மேல் கோட்டுக்குக் கொஞ்சம் இறங்கி, ஆயில் பளிச்சென்று நின்றது.

"ரெண்டு கோட்டுக்கும் நடுவுல எங்க இருந்தாலும் ஓட்டலாம்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே அவர்தான். சரிதானே சார்?"

சரிதான் என்றேன். சாவி வண்டியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. கிளினிக் கோட்டைக் கழற்றி ஸ்பானர்களின்மேல் போட்டார். ஒரு கால், இடுப்பு, தலை, இன்னொரு கால் என்று நாங்கள் எல்லாம் தவணை முறையில் ஏறுகிற அந்த வண்டியில் அவர் ஒரே மூச்சில் ஏறி உட்கார்ந்தார். எஞ்சின் உறுமிற்று. யாரும் கண்ணை மூடிக்கொள்ளவில்லை.

கேட்டைத் திறந்துவிட்டது நான்தான். என்னை யாரும் திறக்கச் சொல்லவில்லை.

வண்டி தெருவில் இறங்கித் திரும்பியபோது, துணி உலர்த்திக்கொண்டிருந்தவர்களும் நாயைக் கூட்டிப்போனவர்களும் நின்று பார்த்தார்கள். அந்தக் காருக்கு வெளியிலும் ஒரு வாழ்க்கை உண்டு என்பது பலருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கைப்படக்காரர் வர ஒன்றரை மணி நேரமாயிற்று. ஆயில் டப்பாவைக் குழந்தைபோல இடுப்பில் வைத்துக்கொண்டு ஷெட்டுக்குள் நுழைந்தார். காலியான இடத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"எங்க?"

"போயாச்சு."

"ஆயில்?"

"நடுவுல இருந்துச்சு."

இடி விழும் என்று எதிர்பார்த்தேன். விழவில்லை. என் கையிலிருந்த டார்ச்சை வாங்கிக்கொண்டு, வண்டி நின்ற இடத்தில் குந்தி உட்கார்ந்து, தரையை அங்குலம் அங்குலமாகத் தேடினார். பிறகு நிமிர்ந்து, முகமெல்லாம் பெருமையாக, "ஒரு சொட்டுகூட இல்ல, பார்த்தீங்களா சார்?" என்றார்.

அதன்பின் அவருக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை. சுத்தமாக இருந்த ஸ்பானர்களைத் துடைத்து அடுக்கினார். பின்னால் எடுக்கும்போது கிளட்ச் சத்தம் போட்டதா என்று கேட்டார். இல்லை என்றேன். முதல் கியர் கொஞ்சம் முரண்டு பிடிக்குமே என்றார். அழகாக விழுந்தது என்றேன். அதைக் கேட்டு அவர் கொஞ்சம் வாடித்தான் போனார். பாவம், ஒரே ஒரு கறமுறா சத்தமாவது வந்திருக்கலாம்.

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் வண்டி வந்தது. டாக்டரம்மாவின் தலையில் துணியைக் காணோம். அது காற்றில் எங்கோ போய்விட்டதாம். முடி நாலா பக்கமும் நின்றது. காலடியில் கடற்கரை மணல். குரல் கட்டிப்போயிருந்தது. கூரையில்லாத காரில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது என்பதை, இருவரும் கத்திக் கத்திப் பேசித்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

"ஹோட்டல் வாசல்ல நின்னுக்கிட்டிருந்தா. என்னைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்துடுச்சுங்க," என்றார் புருஷனிடம், ஸ்டீரிங்கிலிருந்து கையை எடுக்காமலே. "சொன்னபடி செஞ்சுட்டியேடின்னா."

அந்த முகத்தை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. எத்தனையோ தடவை அந்த முகத்துக்கு நேராக வாயைத் திறந்துகொண்டு படுத்திருக்கிறேன், பார்த்ததில்லை.

கைப்படக்காரரும் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார். மனிதருக்கும் மனசு இளகிவிட்டது என்றுதான் நினைத்தேன். அவர் பானெட்டில் ஒரு கையை வைத்துக்கொண்டு, மெதுவாக, "ஆயில் பிரஷர் முள் எங்க நின்னுச்சு?" என்றார்.

"தெரியாதுங்க. நான் ரோட்டைப் பார்த்துக்கிட்டிருந்தேன்."

சாவியை உருவித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு டாக்டரம்மா உள்ளே போனார். கைப்படக்காரர் எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, அளவுக்குச்சியை உருவிப் பார்த்தார். ஆயில் ஒரு நூல்கூட இறங்கவில்லை. "வண்டி நல்லாத்தான் இருக்கு" என்றார், துணியில் கையைத் துடைத்தபடி. "ஆனா இவ்வளவு தூரம் ஓடின ஆயில் சார். மாத்திடறது நல்லது."

நன்றாகச் சிரித்தீர்களா? சந்தோஷம். நம்மிடம் ஸ்போர்ட்ஸ் கார் இல்லை, நமக்கும் இந்த இனத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று நிம்மதியாகவும் இருப்பீர்கள். ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு நான் போய்விடுகிறேன். அந்த அம்மாள் கட்டிப்போன குரலில் தன் தோழி அழுததைச் சொல்லிக்கொண்டிருந்தபோது உங்கள் மனம் எங்கே இருந்தது? கடலோர ரோட்டில், அந்த இருவருக்கும் பக்கத்தில் இருந்ததா? அல்லது, எல்லாம் சரி, ஆயிலை இறக்கிய போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டாரா, இந்த ஆள் அதைப்பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லையே என்று காருக்கு அடியில் கிடந்ததா?

வாஷர் போட்டார். கவலைப்படாதீர்கள். கவலைப்பட்டிருந்தால் மட்டும் எழுந்து போய், உங்கள் வீட்டில் எந்தச் சாவிக்காக யார் காத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள்.